ஹோர்லிக்ஸ் போத்தலின் பின்பக்கத்தில் யுனிலீவர் பெயர் எப்படி வந்தது?

களுதாவளைக் கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். களுதாவளையில் அப்பாவின் பலசரக்குக் கடையைப் பின்னேரத்தில் நான்தான் பார்க்கிறேன். போன கிழமை ஒரு ஆச்சி கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் இங்கே கொண்டு வருகிறேன்.

பேரனுக்கு ஹோர்லிக்ஸ் வாங்க வந்தவர் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு, "மகள், இது பழைய ஹோர்லிக்ஸ்தானா? கம்பனிய வித்துப்போட்டாங்களாமே" என்றார். திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தேன். யுனிலீவர் என்று இருந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்த இடத்தில் ஒரு மருந்துக் கம்பனியின் பெயர் இருந்தது நல்ல நினைவு. "பெயர் அதேதான் ஆச்சி, ஆக்கள்தான் மாறியிருக்கிறார்கள்" என்றேன். கொஞ்ச நேரம் போத்தலைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு தட்டில் இருந்த மற்றச் சாமான்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். சன்லைட், லைஃப்பாய், லக்ஸ், விம், ரின், சிக்னல், வாசலின், பொண்ட்ஸ், நோர் கட்டி, மார்மைட். எல்லாவற்றிலும் அதே பெயர். ஒரு கம்பனி சவர்க்காரமும் செய்து, முகத்துக்குக் கிரீமும் செய்து, சூப் கட்டியும் செய்து, பிள்ளைகள் குடிக்கிற மாவும் செய்வது எப்படி? எல்லாம் அவர்களே தொடங்கியதா, வாங்கியதா? விளக்கமாகத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அச்செடுத்து அப்பாவுக்கும் காட்ட வேண்டும்.

கல்முனைக் கணக்காளர் எழுதியது:

தங்கச்சி, உங்கள் தட்டில் இரண்டு வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சன்லைட், லைஃப்பாய், லக்ஸ், விம் அந்த வீட்டிலேயே பிறந்தவர்கள். வாசலின், பொண்ட்ஸ், நோர், மார்மைட், ஹோர்லிக்ஸ் வெளியில் பிறந்து, வளர்ந்து ஆளான பிறகு வந்து சேர்ந்தவர்கள். கதை நீளம். நேரம் கிடைக்கிறபோது பகுதி பகுதியாக எழுதுகிறேன்.

தொடக்கம் உங்கள் கடை மாதிரி ஒரு கடையில்தான். இங்கிலாந்தில் போல்டன் என்ற ஊரில் வில்லியம் லீவரின் தகப்பன் மளிகைச் சாமான் மொத்த வியாபாரி. மகன் 16 வயதில் அந்த வியாபாரத்துக்குள் வந்தார். அந்தக் காலத்தில் சவர்க்காரம் நீளப் பாளமாகக் கடைக்கு வரும். கேட்கிற அளவுக்கு வெட்டி, நிறுத்துக் கொடுப்பார்கள். யார் செய்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. லீவர் செய்த முதல் மாற்றம் இதுதான்: அளவாக வெட்டிய கட்டி, மேலே உறை, உறையில் ஒரு பெயர். 1884 இல் சன்லைட் என்ற பெயரைப் பதிவு செய்தார். அடுத்த வருசம் தம்பி ஜேம்ஸோடு சேர்ந்து சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கினார். 1888 இல் போர்ட் சன்லைட் என்று ஒரு ஊரையே கட்ட ஆரம்பித்தார்.

பெயர் முதலில் வந்தது, தொழிற்சாலை பிறகுதான் வந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த எல்லாக் கொள்வனவுக்கும் அடி இதுதான்.

சம்மாந்துறை ரெப் எழுதியது:

கணக்காளர் சேர் சொல்றது நூற்றுக்கு நூறு. நான் 17 வருசமாகக் கம்பனிச் சாமானுக்குக் கடைகளில் ஓடர் எடுக்கிற இந்த லைனில் நிற்கிறேன். வெல்லாவெளியில் இருந்து பொத்துவில் வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கியவன். கடைக்காரர் "சவர்க்காரம் தாங்க" என்று ஓடர் எழுதுவதே இல்லை. பெயரைச் சொல்லித்தான் எழுதுவார். பெயர் இருக்கிற கம்பனிக்குத்தான் தட்டில் இடம். தொடருங்க சேர், நானும் ஒரு விடயம் சொல்ல இருக்கு.

கல்முனைக் கணக்காளர் எழுதியது:

சரி, தொடர்கிறேன்.

1906 இல் லீவர் மற்றச் சவர்க்காரக் கம்பனிகளோடு சேர்ந்து ஒரு கூட்டணி அமைக்கப் பார்த்தார். விளம்பரத்துக்கு ஆளுக்காள் காசைக் கொட்டுவதை நிறுத்தலாம் என்பது கணக்கு. விளம்பர வருமானம் போய்விடும் என்று கண்ட பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கின. அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது இன்னொன்று. மூலப்பொருள் விலை ஏறியதால், விலையைக் கூட்டாமல் 16 அவுன்ஸ் கட்டியை 15 அவுன்ஸ் ஆக்கியிருந்தார் லீவர். ஏழைகளின் சவர்க்காரத்தில் களவு என்று எழுதினார்கள். விற்பனை விழுந்தது, கூட்டணி கலைந்தது. லீவர் வழக்குப் போட்டு 1907 இல் 50,000 பவுண் நட்டஈடு வாங்கினார்.

கூட்டாகச் சேர முடியாது என்று ஆனதும் தனித்தனியாக வாங்கத் தொடங்கினார். வினோலியா, ஹட்சன்ஸ், 1917 இல் பியர்ஸ், 1919 இல் பெரிய போட்டியாளர்களான கிராஸ்ஃபீல்டும் கொசேஜும். இங்கிலாந்துச் சந்தையில் எந்தச் சவர்க்காரத்தைத் தொட்டாலும் பெரும்பாலும் அவருடையது என்ற நிலை வந்தது. ஆனால் பழைய பெயர்களை அவர் அழிக்கவில்லை. கடையில் பியர்ஸ் வாங்கிப் பழகின ஆள் பியர்ஸைத்தான் கேட்டு வந்தார்.

ஒரு பிழையும் செய்தார். 1920 இல் மேற்கு ஆபிரிக்காவில் பாம் எண்ணெய் வாங்கும் நைஜர் கம்பனியை 80 இலட்சம் பவுணுக்கு மேல் கொடுத்து வாங்கினார். கணக்குப் புத்தகத்தை ஒழுங்காகப் பார்க்காமல் வாங்கிய கொள்வனவு. வாங்கிய பிறகுதான் உள்ளே இருந்த கடன் தெரிந்தது. அதே நேரத்தில் எண்ணெய் விலையும் விழுந்தது. கம்பனியே ஆடிப்போனது. அதைத் தூக்கி நிறுத்த வந்தவர் பிரான்சிஸ் டார்சி கூப்பர் என்ற கணக்காளர். 1925 இல் லீவர் இறந்த பிறகு தலைவரானவரும் அவர்தான். ஒரு கம்பனியை வாங்குவதற்கு முன் அதன் ஐந்தொகையை, அதாவது சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற கணக்கைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் தொழிலில் அடித்துச் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

படுவான்கரைப் பொடியன் எழுதியது:

> விலையைக் கூட்டாமல் 16 அவுன்ஸ் கட்டியை 15 அவுன்ஸ் ஆக்கியிருந்தார்

இதை வாசித்து அப்படியே நின்றுவிட்டேன். 2022 க்குப் பிறகு எத்தனை சாமான் பக்கற்றுக்குள் இப்படிச் சுருங்கிப் போனது. எங்கள் அம்மா பிஸ்கட் பக்கற்றை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தே "குறைச்சிட்டாங்க" என்பார். மறுகாதான் நான் கிராம் பார்ப்பேன். ஒரு தடவையும் அவர் சொன்னது பிழைத்ததில்லை. நூறு வருசத்துக்கு முந்தியே இது நடந்திருக்கிறது என்றால், அன்றைக்கு அந்த ஊர்த் தாய்மாரும் கையில் தூக்கிப் பார்த்திருப்பார்கள்.

களுதாவளைக் கடை எழுதியது:

2022 என்றதும் எனக்கு ஒன்று நினைவு வருகிறது. டீசல் இல்லாமல் லொறி வராத மாதங்கள். வந்த சாமானையும் முழு விலை கொடுத்து வாங்க ஊரில் காசு இல்லை. அப்பா சவர்க்கார உறையைப் பிரித்து, தையல் நூலால் கட்டியை நடுவில் அறுத்து, பழைய கொப்பித் தாளில் சுற்றி அரைக்கட்டியாக விற்றார். நூலை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு கட்டிக்கு மேலே வைத்து மெதுவாக அழுத்துவார். கத்தி என்றால் துகள் சிந்தும், அது வீண் என்பார். வெட்டினது சரி பாதியாக வராவிட்டால் பெரிய துண்டைத்தான் கொடுப்பார்.

லீவர் உறையோடு கொடுக்கத் தொடங்கிய கதையை வாசித்தபோது அந்த நூல்தான் கண்ணுக்குள் வந்தது. சேர், தொடருங்கள்.

ஆரையம்பதி டீச்சர் எழுதியது:

எனக்கும் ஒரு கேள்வி. யுனிலீவர் என்ற பெயரில் 'லீவர்' விளங்குகிறது. 'யுனி' எங்கிருந்து வந்தது?

கல்முனைக் கணக்காளர் எழுதியது:

நல்ல இடத்தில் கேட்டீர்கள் டீச்சர். அது பட்டருக்குப் பதிலாகப் பூசுகிற மாஜரீனில் இருந்து வந்தது.

நெதர்லாந்தில் ஓஸ் என்ற சின்ன ஊரில் யுர்கன்ஸ், வான் டென் பேர்க் என்று இரண்டு பட்டர் வியாபாரக் குடும்பங்கள். ஒரே ஊர், ஒரே தொழில், கடும் போட்டி. 1869 இல் பிரான்சில் மாஜரீனைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு மூன்று வருசத்துக்குள் இந்த இரண்டு குடும்பமும் அதைச் செய்யத் தொடங்கின. ஐம்பது வருசத்துக்கு மேல் மோதிக்கொண்டு, கடைசியில் 1927 இல் ஒன்றாகி 'மாஜரீன் யுனி' என்ற கம்பனியை அமைத்தார்கள். அந்த யுனிதான் இந்த யுனி.

சவர்க்காரத்துக்கும் மாஜரீனுக்கும் என்ன உறவு? இரண்டுக்கும் வேண்டியது எண்ணெயும் கொழுப்பும். கொப்பறா, பாம் எண்ணெய் என்று உலகச் சந்தையில் ஒரே சரக்குக்கு இரண்டு பக்கமும் விலை கேட்டு, ஆளையாள் விலையேற்றிக்கொண்டிருந்தார்கள். 1929 செப்டெம்பர் 2 ஆம் திகதி ஒப்பந்தம். 1930 ஜனவரி 1 முதல் யுனிலீவர். லண்டனில் ஒரு தாய்க் கம்பனி, நெதர்லாந்தில் ஒன்று. 2020 வரைக்கும் அந்த இரட்டைத் தலைமையோடுதான் இருந்தது.

எங்கள் நாட்டுக்கு 1938 இல் 'லீவர் பிரதர்ஸ் சிலோன்' என்று வந்து, கொழும்பு கிராண்ட்பாசில் தொழிற்சாலை போட்டார்கள். எங்கள் தாத்தாமார் கடைசிவரைக்கும் 'லீவர் கம்பனி' என்றே சொன்னதற்கு அதுதான் காரணம்.

யுனிலீவர் ஆன பிறகு வந்த பெரிய கொள்வனவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லிப்டனின் பகுதிகள் 1930களின் கடைசியில் தொடங்கி 1972 இல் முழுதாகச் சேர்ந்தன. 1984 இல் புரூக் பொண்ட். 1985 இல் விக்ஸ் வைத்திருந்த ரிச்சர்ட்சன் கம்பனிக்குக் கை நீட்டினார்கள். அதைப் பிராக்டர் அண்ட் கேம்பிள் கொண்டுபோய்விட்டது. விட்டதைப் பிடிக்கிற மாதிரி அடுத்த வருசம் செஸ்ப்ரோ-பொண்ட்ஸை சுமார் 3.1 பில்லியன் டொலருக்குப் பேசி எடுத்தார்கள். வாசலினும் பொண்ட்ஸும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தது அப்படித்தான். அந்த இரண்டும் 1955 இலேயே தங்களுக்குள் இணைந்திருந்த கம்பனிகள். இந்தியப் பக்கத்தில் 1993 இல் டாட்டாவின் எண்ணெய் ஆலைக் கம்பனி யுனிலீவர் பக்கம் வந்தது. ஹமாம் சவர்க்காரம் அதுவரைக்கும் டாட்டா வீட்டுப் பிள்ளை.

2000 இல் எல்லாவற்றிலும் பெரியது: பெஸ்ட்ஃபுட்ஸ். 20 பில்லியன் டொலருக்கு மேல். நோர் அதோடு வந்தது. மார்மைட்டும்.

களுதாவளைக் கடை எழுதியது:

மார்மைட்டா? அது சிலோன்காரருடைய சாமான் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்! எங்கள் ஊரில் காய்ச்சல் மாறினால் சுடுதண்ணியில் மார்மைட் கரைத்துக் கொடுக்காத வீடு இல்லை.

கல்முனைக் கணக்காளர் எழுதியது:

அப்படி நினைக்கிறவர்கள் கனபேர். அதற்குக் காரணமும் இருக்கிறது. 1934-35 மலேரியா இந்த நாட்டை உலுக்கியபோது, சூரியமல் இயக்கம் என்ற இடதுசாரி இயக்கத்து இளைஞர்கள் கிராமம் கிராமமாகப் போய் மெலிந்து கிடந்தவர்களுக்கு மார்மைட் கொடுத்தார்கள். நோயில் கை கொடுத்த சாமானை ஒரு சமூகம் இலேசில் மறப்பதில்லை.

பிறந்தது இங்கிலாந்தில் பேர்ட்டன் என்ற ஊரில், 1902 இல். பியர் வடிக்கும்போது மிஞ்சுகிற ஈஸ்ட்டில் இருந்து செய்வது. அதன் கைமாற்றத்தைப் பாருங்கள். பொவ்ரில் கம்பனியிடம் போனது. பொவ்ரிலை 1971 இல் கேவன்ஹாம் வாங்கியது. 1980 இல் பீச்சம் வாங்கியது. 1990 இல் சிபிசி என்ற அமெரிக்கக் கம்பனி. அந்த சிபிசிதான் பெயர் மாறிப் பெஸ்ட்ஃபுட்ஸ் ஆனது. 2000 இல் யுனிலீவர்.

இப்போது ஹோர்லிக்ஸுக்கு வருகிறேன். ஆச்சியின் கேள்வி அதுதானே. ஜேம்ஸ், வில்லியம் என்று இரண்டு ஹோர்லிக் சகோதரர்கள். இங்கிலாந்தில் இருந்து அமெரிக்கா போய் 1873 இல் தொடங்கினார்கள். 1969 இல் ஹோர்லிக்ஸை வாங்கியது யார் தெரியுமா? அதே பீச்சம். மருந்துக் கம்பனி. பீச்சம் 1989 இல் ஸ்மித்கிளைனோடு சேர்ந்தது, 2000 இல் கிளாக்ஸோவோடு சேர்ந்தது. தங்கச்சி பள்ளிக்கூட வயதில் போத்தலில் பார்த்த மருந்துக் கம்பனி அதுதான். 2018 டிசம்பரில் யுனிலீவர் அவர்களோடு ஒப்பந்தம் செய்தது. இந்தியா, பங்களாதேஷ், அதோடு பெரும்பாலும் ஆசியாவில் இருக்கும் வேறு 20 சந்தைகள், சுமார் 3.3 பில்லியன் யூரோ. 2020 இல் கைமாற்றம் முடிந்தது.

அதாவது 1980 முதல் 1990 வரை மார்மைட்டும் ஹோர்லிக்ஸும் பீச்சம் வீட்டில் ஒரே கூரையின் கீழ் இருந்தவை. பிரிந்து, முப்பது வருசத்துக்குப் பிறகு இன்னொரு வீட்டில் திரும்பச் சேர்ந்திருக்கின்றன. உங்கள் தட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

களுதாவளைக் கடை எழுதியது:

பக்கத்தில்தான் நிற்கிறது சேர். அப்பா எப்போதும் அப்படித்தான் அடுக்குவார், இரண்டும் சத்துச் சாமான் என்று.

சம்மாந்துறை ரெப் எழுதியது:

நான் சொல்ல இருந்ததைச் சொல்கிறேன். கம்பனிப் பெயரும் ஊர்ப் பெயரும் எழுத மாட்டேன், அந்த ஆக்களைக் குறை சொல்ல வரவில்லை.

11 வருசம் நான் வேலை செய்த ஏஜென்சியில் ஒரே ஒரு கம்பனியின் சாமான்தான். முதலாளி காக்கா தகப்பன் காலத்தில் இருந்து அந்த ஏஜென்சியை வைத்திருந்தவர். இரண்டு லொறி, மூன்று ரெப், ஸ்டோரில் நாலு பொடியன்மார். ஒருநாள் பேப்பரில் பார்க்கிறோம், எங்கள் கம்பனியை இன்னொரு பெரிய கம்பனி வாங்கிவிட்டது. நாங்கள் சந்தோசப்பட்டோம். பெரிய கம்பனி, இனி சாமான் தட்டுப்பாடில்லாமல் வரும் என்று.

ஆனால் வாங்கிய கம்பனிக்கு எங்கள் பகுதியில் ஏற்கனவே ஒரு ஏஜென்ட் இருந்தார். ஒரே தெருவுக்கு இரண்டு லொறி எதற்கு? அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தான். மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. கடைசி நாள் ஸ்டொக் எண்ணி ஒப்படைத்தோம். எண்ணி முடிய மஃரிப் தொழுகை நேரம் ஆகிவிட்டது. லொறிக் கதவில் ஒட்டியிருந்த கம்பனி ஸ்டிக்கரை முதலாளி காக்கா தன் கையாலேயே சுரண்டினார். வெயிலில் காய்ந்து பிடித்திருந்தது, இலேசில் வரவில்லை. பொடியன் ஒருத்தன் சுடுதண்ணி கொண்டுவந்து ஊற்றினான். முழுதும் போகவில்லை. அந்த வட்டம் கடைசிவரைக்கும் கதவில் தெரிந்தது.

கடைகளில் ஒன்றும் மாறவில்லை. அதே பெயர், அதே பக்கற், அதே விலை. வேற லொறி வந்தது, அவ்வளவுதான். வாங்கித் தின்னுகிற ஆக்களுக்கு நாங்கள் போனது தெரியவே தெரியாது.

ஆரையம்பதி டீச்சர் எழுதியது:

தம்பி, வாசித்துவிட்டுக் கனநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. அந்த முதலாளி இப்போது நலமா?

கணக்காளருடைய வரலாற்றில் எனக்கு இடறுவதும் இதுதான். யார் யாரை எத்தனை பில்லியனுக்கு வாங்கினார்கள் என்பது எங்கும் பதிவாகிறது. நடுவில் விடுபட்ட மனிதர்கள் எங்கும் பதிவாவதில்லை. இன்னொன்றும் கேட்கிறேன். வாங்கிய பெயர் எல்லாமே வாழ்கிறதா? வாங்கி மூடிவிட்ட பெயர்கள் இல்லையா?

கல்முனைக் கணக்காளர் எழுதியது:

இருக்கின்றன டீச்சர், நிறைய. 2000 ஆம் ஆண்டளவில் யுனிலீவரிடம் 1,600 பெயர்கள் இருந்தன. அதை 400 ஆகக் குறைப்பது என்று ஐந்து வருசத் திட்டம் போட்டார்கள். மிஞ்சிய 1,200 இல் சிலதை விற்றார்கள், சிலதை வேறு பெயரோடு சேர்த்தார்கள், சிலதை அப்படியே நிறுத்தினார்கள். வருமானத்தில் பெரும்பங்கு அந்த 400 இல் இருந்துதான் வந்தது, கணக்கில் அது சரியான முடிவு. ஆனால் அந்த 1,200 இல் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு ஊரில் யாரோ பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிய சாமான் என்பதை நான் மறுக்கவில்லை.

வாங்குகிறவன் எப்போதும் வாங்குகிறவனாக இருப்பதுமில்லை. 2017 பெப்ரவரியில் கிராஃப்ட் ஹெய்ன்ஸ் கம்பனி 143 பில்லியன் டொலருக்கு யுனிலீவரையே வாங்கக் கேட்டது. மறுத்தார்கள். கேட்டவர்கள் இரண்டு மூன்று நாளில் பின்வாங்கினார்கள். ஆனால் அந்தப் பயம் கம்பனியை மாற்றியது. அதற்குப் பிறகு விற்கத் தொடங்கினார்கள். 2018 இல் மாஜரீன் வியாபாரத்தை 6.8 பில்லியன் யூரோ அளவுக்கு கேகேஆர் என்ற முதலீட்டுக் கம்பனிக்கு. 2022 இல் தேயிலையின் பெரும்பகுதியை, லிப்டன் உட்பட, 4.5 பில்லியன் யூரோவுக்கு. 2025 டிசம்பரில் ஐஸ்கிரீம் தனிக் கம்பனியாகப் பிரிந்து போனது.

களுதாவளைக் கடை எழுதியது:

சேர், அப்படியென்றால் அஸ்ட்ரா மாஜரீனும் போய்விட்டதா? இப்போதுதான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், அப்ஃபீல்ட் என்று வேறு பெயர் இருக்கிறது.

கல்முனைக் கணக்காளர் எழுதியது:

அதேதான். கேகேஆர் வாங்கிய மாஜரீன் வியாபாரத்துக்கு வைத்த பெயர்தான் அப்ஃபீல்ட். 1930 இல் சவர்க்காரமும் மாஜரீனும் கைபிடித்து உண்டான குடும்பம் யுனிலீவர். பெயரில் முதல் பாதியே மாஜரீன்காரருடையது. 88 வருசத்துக்குப் பிறகு அந்தப் பாதி வெளியேறிவிட்டது. 'யுனி' மட்டும் பெயரில் நிற்கிறது. உங்கள் ஊரில் பாணுக்கு அஸ்ட்ரா பூசுகிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

படுவான்கரைப் பொடியன் எழுதியது:

எங்கட நாட்டுக் கம்பனிகளும் இப்படி வாங்கித்தானே வளருகிறார்கள்? அதையும் கொஞ்சம் சொல்லுங்க.

கல்முனைக் கணக்காளர் எழுதியது:

ஆம், இங்கேயும் அதே வழிதான். ஹேமாஸ் 1948 இல் தொடங்கிய கம்பனி. குழந்தைகளுக்கான பேபி செரமி, தலைக்கு வைக்கும் குமாரிகா எண்ணெய் எல்லாம் அவர்களுடையது. 2013 இல் மொரிசன்ஸ் என்ற மருந்துக் கம்பனியை எடுத்தார்கள். 2018 இல் அட்லஸ் கொப்பி பென்சில் கம்பனியின் 75.1 சதவீதத்தை 5.7 பில்லியன் ரூபாய்க்கு வாங்கினார்கள். டெயின்டி டொபி 2020 இல் சன்ஷைன் கம்பனியிடம் போனது, அவர்கள் அதற்கு முன்னரே தேயிலை விற்று வந்தவர்கள். எலிபன்ட் ஹவுஸ் சோடாவும் ஐஸ்கிரீமும் 1991 இல் ஜோன் கீல்ஸ் வீட்டுக்கு வந்தவை. காரணம் எங்கும் ஒன்றே. புதிதாக ஒரு பெயரைத் தொடங்கி, அதைத் தாய்மார் நம்பும்வரைக்கும் கொண்டுவர இருபது வருசம் வேண்டும். ஏற்கனவே நம்புகிற பெயரை ஒரு கையெழுத்தில் எடுக்கலாம்.

ஆரையம்பதி டீச்சர் எழுதியது:

அட்லஸ் என்றதும் எனக்கு வாழைச்சேனைதான் நினைவுக்கு வந்தது.

1950களில் அங்கே கடதாசி ஆலை கட்டினார்கள். எங்கள் பகுதி வயல் வைக்கோலில் இருந்து கடதாசி செய்தார்கள். வெள்ளாமை வெட்டி முடிய வைக்கோல் ஏற்றிய லொறிகள் வரிசையாகப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எத்தனையோ குடும்பம் அந்த ஆலையில் பிழைத்தது. ஆனால் அந்தக் கடதாசிக்குக் கடையில் கேட்டு வாங்குகிற மாதிரி ஒரு பெயர் இருக்கவில்லை. நாங்கள் எழுதிய கொப்பியின் அட்டையில் வாழைச்சேனை என்று யாரும் அச்சடிக்கவில்லை. போர்க்காலத்தில் ஆலை படுத்தது, பிறகு பழையபடி எழும்பவே இல்லை. பென்சிலுக்கும் கொப்பிக்கும் பெயர் வைத்து வளர்த்த கம்பனி 5.7 பில்லியன் கணக்குக்குள் வந்தது. எங்களிடம் பெரிய ஆலை இருந்தது. வைக்கோல் இருந்தது. வேலை தெரிந்த ஆக்களும் இருந்தார்கள். யாரும் விலை பேசும் அளவுக்கு ஒரு பெயர் மட்டும் இருக்கவில்லை.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

சம்மாந்துறை ரெப் எழுதியது:

டீச்சர், முதலாளி காக்கா நலம், அல்ஹம்துலில்லாஹ். மகனோடு அரிசி வியாபாரம் செய்கிறார். சொந்த உறை அடித்து, சொந்தப் பெயர் போட்டு விற்கிறார்கள். "இனி ஒருத்தருடைய பெயரை லொறியில ஒட்ட மாட்டேன்" என்று சொன்னவர், சொன்னபடி நிற்கிறார்.

டீச்சர் சொன்னதற்கு ஒரு மறுபேச்சு. எங்களிடம் பெயர் இல்லை என்று சொல்ல முடியாது. மட்டக்களப்புத் தயிர் என்றால் கொழும்பில் சட்டியோடு வாங்குகிறார்கள். களுதாவளை வெற்றிலை என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் பெயரை எந்தக் கம்பனியும் வந்து வாங்கவும் முடியாது, அது ஒரு ஆளுடையது இல்லை.

களுதாவளைக் கடை எழுதியது:

வெற்றிலை விடயத்தில் காக்கா சொல்வது சரி. ஆனால் பெயர் ஒரு ஆளுடையது இல்லாததால் வேறு ஊர் வெற்றிலையும் எங்கள் ஊர்ப் பெயரில் போகிறது. தோட்டக்காரருக்கு அதில் ஒரு சதம் வராது. எங்கள் பெரியப்பா வெற்றிலைக் கொடிதான் வைத்திருக்கிறார். சந்தையில் இதைக் கண்டு மனம் நொந்து வந்த நாட்களும் உண்டு. அதனால் டீச்சர் சொன்னதையும் தள்ளிவிட முடியவில்லை.

கல்முனைக் கணக்காளர் எழுதியது:

ஊர்ப் பெயரை ஊராரே கூட்டாகப் பதிவு செய்து காக்கும் முறை உலகத்தில் இருக்கிறது, புவிசார் குறியீடு என்பார்கள். வெற்றிலைச் செய்கையாளர்கள் ஒரு சங்கமாக முன்வந்தால் அந்த வேலையைக் காசு வாங்காமல் நான் பார்த்துத் தருகிறேன். தங்கச்சி, பெரியப்பாவிடம் சொல்லுங்கள். இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை.

களுதாவளைக் கடை எழுதியது:

சொல்கிறேன் சேர், கட்டாயம் சொல்கிறேன்.

நேற்று ஆச்சி திரும்ப வந்தார், இந்த முறை தேத்தண்ணிக்குச் சீனி வாங்க. ஹோர்லிக்ஸ் கதையை முழுதும் சொன்னேன். இரண்டு சகோதரர்கள் தொடங்கியது, மருந்துக் கம்பனிக்குப் போனது, இப்போது சன்லைட்காரரிடம் வந்தது. "சன்லைட்காரரா? அவங்களத் தெரியும்" என்றார். சொல்லிவிட்டு, "ருசி மாறினா வந்து சொல்லுவன்" என்றும் சொல்லிப் போனார்.

அப்பா இந்த இழை முழுவதையும் வாசித்தார். நூலால் அறுத்ததை ஏன் எழுதினாய் என்று கேட்டார், ஆனால் கோபமில்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். அதை ரெப் காக்காவிடம் கேட்கச் சொன்னார்: கம்பனி மாறும்போது பழைய லேபலும் புது லேபலும் ஒன்றாகத் தட்டில் இருந்தால் என்ன செய்வது? ஆக்கள் சந்தேகப்படுகிறார்கள்.

சம்மாந்துறை ரெப் எழுதியது:

அப்பாவுக்கு என் சலாம் சொல்லுங்க. பழையதை முன்னுக்கு வைத்து அதை முதலில் விற்று முடிக்கச் சொல்லுங்க, காலாவதித் திகதியை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இரண்டையும் கலந்து அடுக்க வேண்டாம். யாராவது கேட்டால் மறைக்காமல் இரண்டு போத்தலையும் கையில் கொடுத்துப் பின்பக்கத்தைக் காட்டுங்க. காட்டினால் வாங்குவார்கள். மறைத்தால்தான் அடுத்த கடைக்குப் போவார்கள்.

களுதாவளைக் கடை எழுதியது:

நன்றி காக்கா. இன்று இரவே தட்டை இறக்கித் துடைத்து அடுக்கினோம். பின்வரிசையில் பழைய லேபல் அஸ்ட்ரா இரண்டு டப்பா கிடந்தது, யுனிலீவர் பெயரோடு. திகதி எப்போதோ முடிந்திருந்தது. விற்க முடியாது. ஒன்றைக் கழுவி, அரைக்கட்டி அறுக்கும் நூலைப் போட்டு வைக்க அப்பா எடுத்துக்கொண்டார்.